எட்டாம் நம்பர் சாய்வண்டி

மரகதம் அம்மாள் எங்கள் ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், மூலையில் சுவரோரம் சாய்ந்து கிடந்த எட்டாம் நம்பர் வண்டி தானாக நிமிர்ந்து நின்றது. கைப்பிடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஓர் ஆட்டம் ஆடி ஓய்ந்தன.

"ஏசுவே!" என்று என் வாயில் வந்துவிட்டது. மெக்கானிக் தாமுவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"பழைய ஆளுன்னா நடை அதிர்வை வெச்சே கண்டுபிடிச்சிடும்க்கா. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

வேறொன்றுமில்லையாம்! மூன்று மாதமாகச் செத்தது மாதிரி கிடந்த வண்டி அது.

என் பெயர் ஜெசிந்தா. புதுச்சேரியில் சாய்வண்டிச் சுற்றுலாவுக்கு வழிகாட்டி. சாய்வண்டி என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. முன்னால் சாய்ந்தால் போகும், லேசாகப் பின்னால் சாய்ந்தால் நிற்கும், இன்னும் சாய்ந்தால் பின்னோக்கிப் போகும். நான் முன்னால் ஒன்றில் போக, வந்தவர்கள் வாத்துக்கூட்டம் மாதிரி பின்னால் வருவார்கள். பிரெஞ்சுக்காரன் கட்டிய தெருக்கள், மஞ்சள் சுவர்கள், மாதாகோயில், கலங்கரை விளக்கம், கடற்கரைச் சாலை. நான் தொண்டை கிழியச் சரித்திரம் சொல்லுவேன், அவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். அது கிடக்கட்டும்.

புது மாடல் வண்டி வந்தபோது ஒரு புது வித்தையும் கூட வந்தது. பலகைக்கு அடியில் உள்ளங்காலைப் படிக்கிற கருவி. மனிதன் சாய்வதற்கு முன்னால் உள்ளங்காலில் ஒரு சின்ன நடுக்கம் ஓடுமாம், அவனுக்கே தெரியாமல். வண்டி அதைப் பிடித்துக்கொண்டு அவன் சாய்வதற்குள் கிளம்பிவிடும். ஒரு மணி நேரம் ஏறி நின்றால் போதும், உங்கள் உடம்பின் பழக்கமெல்லாம் அதற்கு அத்துப்படி. முட்டிவலிக்காரர்கள்கூட விழாமல் ஓட்டினார்கள். சாயங்காலமானால் தாமு எல்லா வண்டியின் ஞாபகத்தையும் அழித்துவிடுவான். மறுநாள் புது ஆள், புதுப் பாடம்.

எட்டாம் நம்பரை மட்டும் அழிக்கவில்லை. அது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மரகதம் அம்மாளும் அவர் கணவர் தண்டபாணியும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துக்கொண்டு, சேலத்துக்குத் திரும்பும் வழியில் இங்கே வந்தார்கள். மகன் நவநீதனும் மருமகள் நிவேதாவும் கூட வந்திருந்தார்கள். அப்பா அம்மாவைச் சாய்வண்டியில் ஏற்றி வீடியோ எடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. வெள்ளிக்கிழமைதோறும் தாமு பலகையில் குங்குமம் வைப்பான். அந்த அம்மாள் பொட்டைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டார். "செருப்புக் காலோட மிதிக்க மனசு வரலைங்க" என்று வெறுங்காலோடு ஏறினார். வெறுங்கால் என்றால் வண்டிக்கு இன்னும் தெளிவாகப் படிக்க வரும். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சுற்றுலா முடிகிற இடம், கடல் பாறைகளுக்கு மேலே நீட்டிக் கட்டிய பார்வை மேடை. ஓரத்தில் அப்போது வெறும் சங்கிலிதான். நான் முன்னால் நின்று கலங்கரை விளக்கத்தின் கதையை அளந்துகொண்டிருந்தேன். படத்துக்கு நிற்கத் திரும்பிய தண்டபாணியின் வண்டிச் சக்கரம் விளிம்பில் இறங்கிவிட்டது. அவர் மனைவியைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். மனைவியின் வண்டி சரேலென்று பின்னால் போனது. போகாமல் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். கீழே பாறை.

கம்பெனி விசாரித்து ஒரே வரியில் முடித்தது. 'ஓட்டுபவர் சாய்ந்தால் மட்டுமே வண்டி நகரும்.' அந்த வரி கம்பெனியைக் காப்பாற்றியது, மரகதம் அம்மாளைக் கொன்றுபோட்டது. மகனிடம் வீடியோ இருந்ததே! அப்பா கையை நீட்டுகிறார், அம்மா பின்னால் போகிறார். வண்டி தானாகப் போகாது என்றால் அம்மாதானே போயிருக்க வேண்டும்?

போலீஸ் தண்டபாணியின் வண்டியைத்தான் எடுத்துப் போனது. எட்டாம் நம்பர் ஷெட்டுக்குத் திரும்பியது. அன்றைய கலவரத்தில் அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஆயுத பூஜை. பொட்டு வைத்துப் படைத்த கருவியைத் தொடக்கூடாது. நான் மாதாகோயில்காரிதான், ஆனாலும் பொரியும் கடலையும் எனக்குத்தான் முதலில் வேண்டும். அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம், செத்தவர் வண்டிக்கு ஜோடி வண்டி என்று ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. தாமு எலுமிச்சம்பழம் கட்டி மூலையில் தள்ளினான். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே அழித்துவிட்டு அடுத்த ஆளை ஏற்றியிருப்பார்கள்.

அவர் மறுபடி வந்த அன்று, மழை விட்டிருந்த காலை. மழையால் கூட்டம் இல்லை. மரகதம் அம்மாள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னைய இன்னும் மறக்கலைன்னு இந்தத் தம்பி போன்ல சொன்னாருங்க."

நான் தாமுவை முறைத்தேன். "ஏண்டா, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா?"

"வாராவாரம் போன் பண்ணி அழுவுறாங்கக்கா. நான் இன்னா பண்றது?"

"ஏங்கண்ணு, அவரைத் திட்டாதீங்க" என்றார் அம்மாள். "நான் சாஞ்சனா, இல்ல அது பாட்டுக்குப் போச்சா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு. நானாத்தான் விலகினேன்னு இவன் சொல்றான். என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சு மூணு மாசமாச்சுங்க."

'இவன்' வாசலில் நின்றான். முப்பது வயது தாண்டிய ஆள், பளபளவென்று ஷூ, கையில் போன். "மேடம், எனக்கு இதுல நம்பிக்கையே இல்லீங்க. அம்மா ஒத்தைக்கால்ல நின்னாங்க, கூட்டிட்டு வந்தேன். வண்டி தானாப் போகாதுன்னு கம்பெனியே சொல்லிடுச்சு." போனை எடுத்து வீடியோவைக் காட்டக் கையைத் திருப்பினான். அவனுக்குப் பின்னால் நின்ற நிவேதா நகர்ந்து, நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மானேஜர் சென்னைக்குப் போயிருந்தார். தெரிந்தால் என் வேலை போய்விடும், பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் சமாசாரம் எனக்குத் தாங்கவில்லை. பெற்றவள் கையால் தண்ணீர் வாங்காத பிள்ளை என்ன பிள்ளை?

"எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்றேன் தாமுவிடம்.

"அம்மாவை ஏத்தினா பிரயோஜனமில்லக்கா. கால் எது, வண்டி எதுன்னு பிரிக்க முடியாது. வேற ஆள் ஏறணும். அதே இடத்துல, அதே மாதிரி பக்கத்துல நின்னு யாராச்சும் கையைத் தூக்கணும். வண்டியிலயே கோளாறுன்னா யார் நின்னாலும் பின்னாடி போவும்."

"கோளாறு இல்லைன்னா?"

"அம்மாவோட ஞாபகம் மட்டும்தான் உள்ள இருக்குதுன்னா, நிக்கிறவங்க கால் கேக்காம அது போவாது. ஞாபகம் விறகு மாதிரிக்கா. கால்ல ஒரு நடுக்கம் வந்தாத்தான் பத்தும்."

மரகதம் அம்மாள் அதைப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி உதடசைத்துக் கேட்டுக்கொண்டார்.

மேடை பக்கத்தில்தான். அவர்கள் நடந்து வந்தார்கள். நான் என் வண்டியில் முன்னால் போனேன். எட்டாம் நம்பரை ஆளில்லாமல் பின்தொடர்ந்து வரும்படி தாமு திருப்பிவிட்டிருந்தான்; ஆள் ஏறியதும் அந்த ஏற்பாடு ஓய்ந்துவிடும். திரும்பிப் பார்த்தேன். தெரு நடுவில் வர வேண்டிய வண்டி இடது சுவரை உரசுகிற மாதிரி ஒட்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கும் மேலே இடம் விட்டிருந்தது. அங்கே யாருமில்லை. தெரு திரும்பியபோது வண்டியும் திரும்பியது, அந்த வெற்றிடமும் கூடவே திரும்பியது.

"இது ஏண்டா இப்படி வருது?"

"அன்னிக்கு வந்த பாதைக்கா. ஆள் இல்லைன்னா பாதை ஞாபகம் மட்டும் வேலை செய்யும்."

"அவரு எப்பவும் எனக்கு வலப்பக்கம்தான் வருவாரு" என்றார் மரகதம் அம்மாள்.

"அதுக்கு இவ்வளவு தள்ளியாம்மா போவீங்க?"

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

மேடையில் இப்போது இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு எட்டாம் நம்பரில் ஏறினேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாள் யாரும் நிற்காத பலகை ஏன் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்? பேட்டரிச் சூடாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தாமு என் வலப்பக்கம் வந்து சட்டென்று கையைத் தூக்கினான்.

வண்டி அசையவில்லை.

மறுபடி தூக்கினான், இந்தத் தடவை இன்னும் வேகமாக. அசையவில்லை. என் கால் எதைக் கண்டு நடுங்கப் போகிறது? என் வீட்டுக்காரர் சூசை கையை ஓங்கினால் நான் தோசைக்கரண்டியை எடுப்பேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"போகலைங்களா?" என்றார் மரகதம் அம்மாள்.

"இல்லம்மா."

"அப்போ வண்டி மேல தப்பில்லை. நான்தான்." அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கூட்டிவந்து இப்படி ஒரு பதிலைச் சொல்லி அனுப்பப் போகிறோமே என்றிருந்தது எனக்கு. தாமுவின் முகத்தில் ஈயாடவில்லை.

நவநீதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்ப திருப்தியாம்மா? இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வரணும்னே? இன்னும் சந்தேகம் இருந்தா நான் ஏறிக் காட்டறேன். எனக்கும் அசையாது, நல்லாப் பாத்துக்க."

"ஷூவைக் கழட்டிடுங்க சார். அம்மா வெறுங்கால்ல நின்னாங்க" என்றான் தாமு.

ஷூவை உதறிவிட்டு ஏறினான். தாமு வலப்பக்கம் வந்தான். கையைத் தூக்கினான்.

வண்டி சரேலென்று பின்னால் போனது.

அந்தப் போக்கு எனக்குத் தெரியும். தண்டபாணி விழுந்த அன்று திரும்பிப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அதே வேகம்தான், அதே கோணம்தான். மரகதம் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏய், யாரு பண்ணது? ரிமோட் வெச்சிருக்கியா?"

தாமு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "சத்தியமா இல்ல சார்."

"மறுபடி பண்ணு."

மறுபடியும் அதே. மூன்றாவது முறை தாமு சும்மா நின்றிருந்தவன், தன்னை மறந்து தலையைச் சொறியப் போனான். அதற்கும் வண்டி பின்னால் போனது. நவநீதன் கைப்பிடியை நெரித்துப் பிடித்திருந்தான். உதடு வெளுத்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் போகுது?"

"கோளாறுன்னா அக்காவுக்கும் போயிருக்கணுமே சார்." தாமு தயங்கித் தயங்கிச் சொன்னான். "உங்க கால் கேக்குது. அம்மா கால் கேட்ட மாதிரியே."

 கீழே பாறை இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நவநீதன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், அது யாருடைய கால் என்று தெரியாதவன்போல.

"அடுப்படிக் கதவு" என்றான் மெதுவாக. "பச்சைப் பெயின்ட் அடிச்ச கதவு. அதுக்குப் பின்னால நிப்பேன்."

"நீ தூங்கிட்டிருந்தேன்னு நெனச்சேனே, சாமி" என்றார் மரகதம் அம்மாள்.

"தூங்கலை."

அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார், அழாமல், சமையல் குறிப்பு சொல்வது போன்ற குரலில். "ஊருக்கெல்லாம் நல்ல மனுசனுங்க. வீட்டுல அடிக்கக் கை நீளும். முப்பத்தஞ்சு வருசம். அவரு கையைத் தூக்கினா எதுக்குத் தூக்குறாருன்னு நான் பாக்கறதில்லை, உடம்பு அதுவா ஒதுங்கிக்கும். அன்னைக்குப் புடிச்சுக்கறதுக்குத்தான் தூக்கினாரு. எனக்குத் தெரிஞ்சுதுங்க. உடம்புக்குத் தெரியலை."

வண்டிக்கு ஒரு மணி நேரம் போதும் என்று சொன்னேன் இல்லையா? தெருத்தெருவாகச் சுற்றிய அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மாளின் பாதம் முப்பத்தைந்து வருஷத்தையும் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நவநீதன் இறங்கி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். "உன்னையப் போயி..." என்று ஆரம்பித்து, குழந்தை மாதிரி தேம்பி அழுதான். பிறகு, "தண்ணி குடும்மா" என்றான். அவர் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தார். மடக் மடக்கென்று குடித்தான். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. தாமு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

"நானும் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுங்களா?"

நிவேதா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. நாங்கள் திரும்புவதற்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருந்தாள்.

நவநீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவளுக்கு வலப்பக்கமாகப் போனான். குரலில் அன்புதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "வேணாம் நிவே, தரை ஈரமா இருக்குது. இறங்கு" என்று கையைத் தூக்கினான்.

வண்டி பின்னால் போனது. அம்மாவுக்கும் மகனுக்கும் போனதுபோல் இல்லை. மேடையைக் கடந்து, நடைபாதையைக் கடந்து, சாலையோரம் வரைக்கும் போய்த்தான் நின்றது. அந்தப் பெண் கத்தவில்லை, தடுமாறவும் இல்லை. அது எதுவரைக்கும் போகும் என்று முன்பே தெரிந்தவள்போல நேராக நின்றிருந்தாள்.

நவநீதனின் கை இன்னும் காற்றில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். மெதுவாக இறக்கினான். "அது அம்மாவோட ஞாபகம்தானே?" என்று தாமுவைக் கேட்டான். "அம்மாதுதானேப்பா உள்ள இருக்குது?"

தாமு தரையைப் பார்த்தான். கால் கேட்காமல் போகாது என்று அவன் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

மரகதம் அம்மாள் மகன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். வலப்பக்கமாகத்தான் போனார். கையை உயர்த்தி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டார். வண்டி அசையவில்லை.

"எத்தனை நாளா கண்ணு?"

"கல்யாணமான வருசத்துல இருந்து அத்தை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க யாருகிட்டச் சொன்னீங்க அத்தை?"

  மரகதம் அம்மாள் அந்தக் கன்னத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இறங்கு சாமி. நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போயிக்கலாம். எங்கூடவே இருந்துக்க."

"அம்மா, கார் இருக்குதும்மா" என்றான் நவநீதன்.

"கார்ல நீ போ" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். ஆட்டோ திரும்பும்வரை அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி, வெறுங்காலோடு அங்கேயே நின்றிருந்தான்.

"இப்ப அழிச்சிடட்டுமாக்கா?" என்று தாமு கேட்டான்.

"வேண்டாம்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்கக்கா."

"தெரிஞ்சாத்தானே?"

எட்டாம் நம்பர் இப்போது ஓடுகிறது. எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தாகிவிட்டது. ஜோடியாக வருகிறவர்களில் பெண்ணுக்கு அந்த வண்டியைத்தான் கொடுக்கிறேன். "பொட்டு வெச்ச வண்டி, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்கிறேன். தெருவெல்லாம் சுற்றி மேடைக்கு வந்ததும், புருஷனை அவளுக்கு வலப்பக்கம் நிறுத்துகிறேன். "சார், கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம்? கையைத் தூக்கிக் காட்டுங்க பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறேன். அவர்களும் சிரித்துக்கொண்டே தூக்குகிறார்கள். வண்டி பின்னால் போனால், இறங்கும்போது அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் என் போன் நம்பரை வைத்து மூடுகிறேன். சிலர் அதை அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வண்டி அசையாத நாளில் எனக்கு மத்தியானச் சாப்பாடு ருசிக்கிறது.